ஒரு குதிரைக்கு நான் கொடுத்த மூன்று வயதுகள்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் கால்நடை டாக்டர்களே,

உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ரிட்டயர் ஆனவனிடம் இப்படிக் கேட்பது பொன்னாடை போர்த்துவது மாதிரி ஒரு சம்பிரதாயம். போர்த்திய பிறகு அந்தப் பொன்னாடையை என்ன செய்வதென்று இரண்டு பேருக்குமே தெரியாது. பரவாயில்லை, எழுதுகிறேன்.

பொதுவாக இந்த மாதிரிக் கட்டுரைகளில் எழுதுகிறவர் தன் சாமர்த்தியத்தைத்தான் எழுதுவார். கன்று வயிற்றுக்குள் குறுக்கே கிடந்தது, கையை விட்டார், திருப்பினார், பசு எழுந்து நின்றது, ஊரே கும்பிட்டது. என்னிடமும் அப்படி நாலைந்து இருக்கின்றன. என் பேரப்பிள்ளைகளே அவற்றைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறார்கள். அடுத்ததாக, படிப்பு அதிகமில்லாத, ஆனால் எல்லாம் தெரிந்த ஒரு கம்பவுண்டர் வந்து இளம் டாக்டருக்குப் புத்தி சொல்வார். என் கம்பவுண்டர் நான் சொல்லப்போகும் நாளன்று லீவில் இருந்தார். வந்திருந்தாலும் தூங்கியிருப்பார். ஆகவே இதில் குரு யாரும் கிடையாது. நான் முட்டாளானது மட்டும்தான் இருக்கிறது.

அறுபதுகள் முடியப்போகும் சமயம். எனக்கு விருத்தாசலத்தில் போஸ்டிங். ஊர் முழுக்கப் பீங்கான் வேலை. பொம்மை, ஊறுகாய் ஜாடி, கரண்ட் கம்பத்துக்குப் போகும் பீங்கான் என்று சின்னதும் பெரியதுமாகச் சூளைகள். அந்த வெள்ளை மண் சைக்கிள் சீட்டிலும், டீக்கடை பெஞ்சிலும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தலையிலும் இருக்கும். ஜங்ஷன் ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கும். வண்டிக்காரர்கள் ரயிலிலிருந்து இறங்குகிறவர்களைக் கோயிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் கொண்டுபோவார்கள். ரயில் இல்லாத நேரத்தில் வைக்கோல் அடைத்துக் கட்டிய ஜாடிப் பெட்டிகளை கூட்ஸ் ஷெட்டுக்கு ஏற்றிப் போவார்கள்.

இந்தக் குதிரைகளுக்கு வருஷம் ஒரு தடவை பரிசோதனை உண்டு. நான் பார்த்து, வேலைக்குத் தகுதி என்று கையெழுத்துப் போட்டால்தான் வண்டிக்கு நம்பர் தகடு. தகடு இல்லாமல் ஓட்டினால் வண்டியைப் பிடித்துப் போட்டுவிடுவார்கள். தகடு கொடுக்கிற ஆபீஸ் எதுவென்று சொல்லமாட்டேன். ஆபீஸ் என்றால் எல்லாம் ஆபீஸ்தான். அந்த வருஷம் அங்கே ஒரு சர்க்குலர் வந்திருந்தது: இருபது வயதுக்கு மேற்பட்ட குதிரையை வண்டியில் பூட்டக்கூடாது. எழுதியவர் குதிரையைப் பார்த்திருப்பாரா என்பது எனக்கு இன்று வரை சந்தேகம். அன்று எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. சர்க்குலரை இரண்டு தடவை படித்து, ஒரு வரியின் அடியில் சிவப்பு மையால் கோடும் போட்டுவைத்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தலையில் ஒரு காக்கித் தொப்பி. புத்தகத்தில் குதிரைப் பல்லைப் பற்றிய படங்கள் மூன்று பக்கம் இருந்தன, அதை மனப்பாடமாக ஒப்பிப்பேன். ஒப்பிக்கத் தெரிந்ததே தவிர, உயிருள்ள குதிரையின் வாய்க்குள் நான் விரலை விட்டது மொத்தம் இரண்டு தடவை. அதில் ஒரு தடவை விரலை எடுக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அதிலிருந்து எனக்குக் குதிரை என்றால் மரியாதை. பயம் என்றும் சொல்லலாம், அந்த வயதில் சொல்லமாட்டேன்.

பரிசோதனை நாள். ஒரு காலி மைதானத்தில் மேஜை போட்டு நானும், ஆபீஸ் குமாஸ்தா ஒருவரும் உட்கார்ந்திருந்தோம். குமாஸ்தா போன வருஷத்து ரிஜிஸ்தரைப் பார்த்துக் குதிரையின் நிறம், அடையாளம் எல்லாம் வாசிப்பார். நான் குதிரையைப் பார்க்கவேண்டும். மைதானத்தின் வாசலில் ஒரு ஆள் பீடி குடித்துக்கொண்டு நின்றான். ஊரில் சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தார்கள், அவன் அந்தக் கம்பெனிக்காரன். நான் கழித்துவிடுகிற குதிரைகளை வாங்கத்தான் நிற்கிறான் என்று குமாஸ்தா சொன்னார். வித்தை காட்டுவதற்கா என்று கேட்டேன். குமாஸ்தா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "இல்ல சார், புலிக்கு" என்றார்.

மூன்றாவதாக வந்தவர் சவரிமுத்து. நாற்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த ஆள், சட்டை மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். குதிரையைக் கொஞ்சம் தள்ளிப் புளியமரத்து நிழலில் விட்டுவிட்டு மேஜைக்கு வந்தார். செவலை நிறப் பெட்டைக் குதிரை. பெயர் சின்னப்பொண்ணு.

"வயசு?" என்றேன்.

"இருபத்திநாலுங்க சார்."

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். அந்த மைதானத்தில் அதுவரை யாரும் பத்துக்கு மேல் ஒரு எண்ணைச் சொன்னதில்லை.

"என்னய்யா, சரியாத்தான் சொல்றியா?"

"எம் பெரிய பொண்ணு பொறந்த அதே மாசத்துல பொறந்ததுங்க. பொண்ணுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது. அதுல நான் எப்படிங்க வயச மாத்திச் சொல்றது?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. இருபதுக்கு மேல். சிவப்புக் கோடு. தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மொத்தம் அரை நிமிஷம் ஆகியிருக்கும். இவ்வளவு சுத்தமாக ஒரு கேஸை முடித்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட. சவரிமுத்து தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஒரு மணி நேரம் கழித்து கலியமூர்த்தி வந்தார். இவரும் ஜங்ஷன் வண்டிக்காரர்தான், ஒரு ஜாடிக் கம்பெனிக்கு வாடிக்கையாகப் பெட்டி ஏற்றுகிறவர். குமாஸ்தா ரிஜிஸ்தரை வாசித்தார்: செவலை, பெட்டை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கலியமூர்த்தி கொண்டுவந்த குதிரையும் செவலை, பெட்டை, நெற்றியில் பளிச்சென்று வெள்ளைச் சுட்டி. வயது ஒன்பது என்றார். அடடா, என்ன குதிரை அது! ஒரு இடத்தில் நிற்காமல் தலையை உதறிக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஆடியது. பல்லைப் பார்க்கலாம் என்று கிட்டே போனேன். கழுத்தை ஒரு நீட்டு நீட்டி என் காக்கித் தொப்பியைக் கவ்வித் தூரப் போட்டது. மைதானமே சிரித்தது.

அதற்கு மேல் பல்லைப் பார்ப்பானேன்? இந்தத் துள்ளல் ஒன்பது வயதுத் துள்ளல் இல்லாமல் வேறென்ன? நெற்றியில் லேசாகத் தட்டிக்கொடுத்து, வயது ஒன்பது, வேலைக்குத் தகுதி, ஆரோக்கியம் மிகச் சிறப்பு என்று எழுதினேன். 'மிகச் சிறப்பு' என்று எழுதப் படிவத்தில் இடமே கிடையாது. ஓரத்தில் இடுக்கி எழுதினேன்.

அது போதாதென்று, வேலியோரம் உட்கார்ந்திருந்த சவரிமுத்துவைக் கூப்பிட்டு உபதேசமும் செய்தேன். "பாத்தியாய்யா? குதிரைன்னா இப்படி இருக்கணும்."

சவரிமுத்து அந்தக் குதிரையை மேலும் கீழும் பார்த்தார். "ஆமாங்க சார். நல்ல குதிரதாங்க" என்றார்.

கொஞ்ச நேரத்தில் கம்மாபுரத்துக்காரர் ஒருவர் இன்னொரு செவலைப் பெட்டையோடு வந்தார். இதற்குச் சுட்டி இல்லை, பின்னங்கால் இரண்டும் முழங்கால் வரை வெள்ளை. ரிஜிஸ்தரிலும் அப்படியே இருந்தது. இது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி உதறியது, கிட்டேயே போகமுடியவில்லை. பதினொன்று என்றார், பதினொன்று என்று எழுதினேன். இந்த ஊர்க் குதிரைகள் எல்லாமே நல்ல துடிப்பாக இருக்கின்றன என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். அவர் ரிஜிஸ்தருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார், தோள் மட்டும் குலுங்கியது. ஜலதோஷம் என்று நினைத்தேன்.

மத்தியானம் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன். இலை போட வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். "என்னா சார், நெத்தியில கம்பெனி மண்ணு? பொம்ம வாங்கப் போனீங்களா?"

தொட்டுப் பார்த்தேன். வியர்வையைத் துடைக்கும்போது அப்பிக்கொண்டிருக்கிறது. என் வலது உள்ளங்கை முழுக்க வெள்ளை. விபூதியாக இருக்கும் என்றேன். அவர் தன் விரலால் என் கையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "விபூதி பொரபொரன்னு இருக்கும் சார். இது வழுவழுன்னு கெடக்குது பாருங்க. ஜாடி அச்சுல ஊத்துற மண்ணுக் கொழம்பு. எங்கூரு கொழந்தைகூடச் சொல்லிடும்."

அந்த ஊர்க் குழந்தைகூடச் சொல்லிவிடும். படித்த டாக்டரால் முடியவில்லை. அன்று காலையிலிருந்து அந்தக் கையால் நான் தொட்ட வெள்ளை ஒன்றே ஒன்றுதான்: கலியமூர்த்தி குதிரையின் நெற்றிச் சுட்டி. அப்படியானால் அந்தப் பின்னங்கால் வெள்ளையும்? ஈரக் குழம்பைப் பூசினால் எந்தக் குதிரைதான் தலையை உதறாது, காலை உதறாது? வெள்ளையைக் கழுவிவிட்டால் மிஞ்சுவது புளியமரத்தடியில் நின்ற சவரிமுத்துவின் செவலைதான். ஒரே குதிரையை ஒரே காலையில் நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். இருபத்து நாலு வயது என்று கழித்திருக்கிறேன், ஒன்பது வயது என்று மெச்சியிருக்கிறேன், பதினொன்று என்று பயந்து ஒதுங்கியிருக்கிறேன்.

மறுநாள் காலை சவரிமுத்துவின் வீட்டைத் தேடிப் போனேன். போலீஸைக் கூப்பிடுவேன் என்கிற முகத்தோடுதான் போனேன். வாசலில் சர்க்கஸ்காரன் உட்கார்ந்திருந்தான். சவரிமுத்துவின் மனைவி ஊறவைத்த கொள்ளை ஆட்டுக்கல்லில் ஆட்டிக்கொண்டிருந்தார். குதிரைக்கு ஏன் ஆட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்குக் கடவாப் பல்லு தேஞ்சிபோச்சுங்க சார். புல்லப் போட்டா மென்னு உருண்ட உருண்டயா துப்பிடுது. அதான் கொள்ள ஆட்டித் தவுட்டுல கலந்து கஞ்சியாக் குடுக்கறது. புல்ல வெரக்கட நீளத்துக்கு வெட்டிப் போட்டுடறோம். அஞ்சாறு வருசமா இப்படித்தான்."

அந்த மூன்று பக்கப் படங்களில் இது இல்லை. பல் தேய்ந்தால் வயது தெரியும் என்று போட்டிருந்தார்களே தவிர, பல் தேய்ந்த குதிரை எதைச் சாப்பிடும் என்று ஒரு வரி கிடையாது.

"நேத்து நீங்க எல்லாரும் சேந்து என்னை ஏமாத்தியிருக்கீங்க" என்று சவரிமுத்துவிடம் ஆரம்பித்தேன். என்னையறியாமல் 'நீங்க' வந்துவிட்டது.

"மண்ணப் பூசுனது அவுங்க. குதிரயக் குடுத்தது நான்தாங்க" என்றார் அவர், மறைக்காமல். "எங்குதிர கெட்டுப்போச்சா, இல்ல ஒங்க கண்ணு கெட்டுப்போச்சான்னு பாக்கணும்போல இருந்துது. எங்குதிர நல்லாத்தான் இருக்குது."

சின்னப்பொண்ணுவைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் கேட்டேன். முதல் தடவையாகப் பார்த்தேன். வாயைத் திறந்தேன், அது தாராளமாகக் காட்டியது. பல் நீண்டு முன்னால் சாய்ந்திருந்தது, இருபத்து நாலு என்று கூவியது. கண்ணுக்கு மேல் குழி, முதுகில் லேசான வளைவு. ஆனால் நாலு குளம்பும் சுத்தமாகச் செதுக்கியிருந்தன. சேணம் படுகிற இடத்தில் ஒரு புண் இல்லை, வடு இல்லை. ரயில்வே கேட் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வரச் சொன்னேன். வந்து நின்றதும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். அதன் மூச்சு அடங்கிவிட்டது, கூடவே சைக்கிளில் போய் வந்த எனக்குத்தான் அடங்கவில்லை. லீவு நாளில்கூட அதைக் கட்டிப்போடுவதில்லை, சும்மாவாவது ஆற்றங்கரை வரை நடத்திக் கூட்டிவருவேன் என்றார் சவரிமுத்து. கட்டிப்போட்டால் கிழடாகிவிடும் என்றார்.

இன்று உங்களிடம் கொண்டுவருகிற குதிரைகள் கல்யாண ஊர்வலத்துக்கும் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றவும்தான் இருக்கின்றன. அவற்றிலும் வயதானவை வரும். வயதை விசாரிக்கும் முன் பல்லைப் பாருங்கள். அது எதைச் சாப்பிடுகிறது, எதைத் துப்புகிறது என்று கேளுங்கள். குளம்பைத் தூக்குங்கள். ஓடவிட்டு மூச்சு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. நான் அரை நிமிஷத்தில் முடித்தவன்.

"வெள்ளிக்கெழம பதில் சொல்றேன்னு இவருக்கு வாக்கு குடுத்திருக்கேன்" என்று சர்க்கஸ்காரனைக் காட்டினார் சவரிமுத்து. "வண்டி ஓடாம கொள்ளுக்கு எங்கங்க போறது? பட்டினி போட்டு சாவடிக்கறதுக்கு அது தேவலன்னு வூட்டுல சொல்றா." அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டு குழவியை இன்னும் வேகமாகச் சுற்றினார். அன்று செவ்வாய்க்கிழமை.

நேராக ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த ஆபீஸர் நல்ல மனிதர். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதவர், ஏனென்றால் அவர் எதுவுமே செய்வதில்லை. விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரே குதிரைய மூணு தடவ பாத்து, ரெண்டு தடவ பாஸ் பண்ணியிருக்கீங்க. மெஜாரிட்டி பாஸ்தானே டாக்டர்? அப்புறம் என்ன கவலை?"

"கழிச்சது தப்பு சார். மாத்தணும்."

"மாத்தலாமே. 'ஒரே குதிரையை மூன்று குதிரையாகப் பார்த்தேன்'னு ஒங்க கைப்பட எழுதிக் குடுங்க. மேல அனுப்பறேன். ஒங்களுக்கு இன்னும் புரொபேஷன் முடியலல்ல?" குரலில் கருணை வழிந்தது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம். போய் காப்பி சாப்பிடுங்க."

நான் போய் காப்பி சாப்பிட்டேன். இதை மறைக்கமாட்டேன். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. புரொபேஷனில் இருப்பவனை எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம். ஊரில் உள்ள எங்கள் அம்மா என் வேலையைச் சொல்லித்தான் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழட்டுக் குதிரைக்காக வேலையை விடுவதா என்று ஒரு பக்கம் மனசு கேட்டது. நீ கிழடு என்று கழித்த குதிரையைத்தானே நீயே மிகச் சிறப்பு என்று எழுதினாய் என்று இன்னொரு பக்கம் கேட்டது. வியாழக்கிழமை காலையில் எழுதினேன். மொத்தம் ஆறு வரி. ஐந்தாவது வரியில் 'எனது கவனக்குறைவால்' என்று எழுதி, அடித்து, 'குதிரையைப் பார்க்காமலேயே' என்று மாற்றினேன்.

ஆபீஸர் படித்தார். மனிதர் அசந்துதான் போனார். ஆனாலும் ஆபீஸர் அல்லவா? "சரி, புதுப் படிவம் போடுவோம். ஆனா வயசுக் கட்டத்துல இருபதுக்கு மேல எழுதினா என்னால தகடு தரமுடியாது. சர்க்குலர் இருக்கு. பத்தொம்போதுன்னு எழுதிடுங்க. வண்டிக்காரனையும் அப்படியே சொல்லச் சொல்லுங்க."

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. சவரிமுத்துவைக் கூட்டிவந்து ஆபீஸ் வாசலில் நிறுத்தி, கிட்டத்தட்டக் கெஞ்சினேன். "பத்தொம்பதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். எல்லாம் முடிஞ்சிடும்."

அவர் சட்டைப் பையிலிருந்து, நாலாக மடித்த அந்தத் தாளை எடுத்து நீட்டினார். "மொதல்ல நெசத்தச் சொன்னேன், கழிச்சீங்க. இப்ப நீங்களே வந்து பொய்யச் சொல்லச் சொல்றீங்க. அதுக்கு மண்ணு பூசுனவங்களே தேவலயே சார். அவுங்க கழுவுனா போயிடும்."

என் வாழ்க்கையில் என்னை யாரும் அவ்வளவு மரியாதையாக, சார் போட்டு, செருப்பால் அடித்ததில்லை. உள்ளே போனேன். படிவத்தை எடுத்தேன். வயது இருபத்து நான்கு, நேரில் பரிசோதித்தேன், வேலைக்குத் தகுதி என்று எழுதினேன். சர்க்குலர் நம்பரைக் குறிப்பிட்டு, இந்தக் குதிரை விஷயத்தில் அது பொருந்தாது என்பது என் தொழில் அபிப்பிராயம் என்றும் எழுதி, முழுக் கையெழுத்துப் போட்டேன். ஆபீஸருக்கு அதில் ஒரு நிம்மதி. மாட்டிக்கொள்வது நான்தான், அவர் இல்லை. தகடு கொடுத்துவிட்டார். ஃபைல் மேலே போயிற்று. எனக்கு மெமோ வந்தது, புரொபேஷன் ஒரு வருஷம் நீண்டது. பெண் வீட்டாரும் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுதினார்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை சர்க்கஸ்காரன் வெறுங்கையோடு போனான். அந்தச் சனிக்கிழமை நான் அரத்தை எடுத்துக்கொண்டு போய் சின்னப்பொண்ணுவின் கடைவாய்ப் பல்லில் கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்த கூர்களை ராவிவிட்டேன். அந்தக் குதிரைக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். எழுபதுகளிலும் அது ஜங்ஷன் வாசலில் நின்றது. முப்பது வயதுக்கு மேல் வண்டி இழுத்ததாகக் கேள்வி. அதற்குள் அந்தச் சர்க்குலர் எந்தப் பீரோவில் செல்லரித்துப் போனதோ தெரியாது.

இங்கேயே நிறுத்தினால் இதுவும் ஒரு சாமர்த்தியக் கதையாகிவிடும். தப்பு செய்தான், திருத்தினான், நல்லவன் ஆனான். நான் அவ்வளவு நல்லவன் இல்லை, கொஞ்சம் பொறுங்கள்.

சின்னப்பொண்ணுவுக்குத் தகடு வாங்கிய அதே வியாழக்கிழமை, மற்ற இரண்டு சான்றிதழையும் ரத்து செய்து, உண்மையான குதிரைகளைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினேன். கம்மாபுரத்துக்காரர் மறுநாளே ஒரு கண் தெரியாத குதிரையோடு வந்து, சிரித்துக்கொண்டே கழிக்கப்பட்டுப் போனார். கலியமூர்த்தி வரவில்லை. குதிரை மச்சான் ஊரில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். நான் விட்டுவிட்டேன். மெமோவுக்குப் பதில் எழுதுகிற மும்முரம். என்னைப் பற்றிய வருத்தத்திலேயே எனக்கு நேரம் போதவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் சவரிமுத்து வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கலியமூர்த்தி குதிர மரக்கட்டையா நிக்குதுங்க டாக்டரே. வாயத் தொறக்க மாட்டேங்குது. சீக்கிரம் வாங்க."

ஏறி உட்கார்ந்தேன். சின்னப்பொண்ணு ஓடிய ஓட்டத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளவேண்டியிருந்தது. போய்ப் பார்த்தால், கொட்டகையில் ஒரு செவலைக் குதிரை. நெற்றியில் நிஜமான வெள்ளைச் சுட்டி. நாலு காலையும் அகட்டி வைத்து, கழுத்து நீண்டு, வால் விறைத்து நின்றது. நான் கையைத் தட்டியதும் உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. தனுர்வாதம், அதாவது டெட்டனஸ். கிட்டப் போய் முன்னங்கால் குளம்பைப் பார்த்தேன். அடியில் கறுத்த ஒரு ஓட்டை.

"ஆணி ஏறிடுச்சிங்க" என்றார் கலியமூர்த்தி. அழுது அழுது அவர் குரல் போயிருந்தது. "நீங்க பாக்கறதுக்கு நாலு நாளுக்கு முந்தி. நொண்டுனா கழிச்சிடுவீங்கன்னுதான் சவரிமுத்து குதிரயக் கேட்டு வாங்கினேன். ஆணியப் புடுங்கிட்டேன், நடந்துடும்னு நெனச்சேன்." பிறகு கேட்டார்: "அன்னிக்கே இத ஒங்ககிட்ட காட்டியிருந்தா?"

பொய் சொல்ல வாய் வரை வந்தது. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அந்த ஊரில் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"ஒரு ஊசி போட்டிருப்பேன். பொழைச்சிருக்கும்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் அடித்துக்கொள்ளவேண்டும்போல இருந்தது. அவர் காட்டவில்லை, சரி. ஆனால் அன்று நான் அந்த மண் பூசிய குதிரையின் வாயை ஒரு தடவை திறந்திருந்தால், திருட்டு அங்கேயே வெளிப்பட்டிருக்கும். அசல் குதிரை அன்றைக்கே என் முன்னால் நொண்டிக்கொண்டு வந்திருக்கும். வராமல் ஏய்த்தபோதாவது நான் தேடிப் போயிருந்தால் பிழைத்திருக்கும். இருந்த மருந்தையெல்லாம் போட்டேன், கொட்டகையை இருட்டாக்கி வைத்தேன். ஊருக்காகச் செய்த வேலை அது, குதிரைக்குப் பிரயோஜனமில்லை. மூன்றாம் நாள் போய்விட்டது.

இறந்த மிருகத்துக்கு அறிக்கை எழுதவேண்டும், அதிலும் வயதுக் கட்டம் உண்டு. வாய் இறுகிப் பூட்டிக்கொண்டதால் பல்லைப் பார்க்க வழியில்லை. கலியமூர்த்தியைத்தான் கேட்டேன்.

"அன்னிக்கிச் சொன்னதுதாங்க" என்றார். "வயசுல நான் பொய் சொல்லல. ஒம்போதுதான்."

ரத்து செய்த அவருடைய சான்றிதழ் என் பையிலேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். வயது ஒன்பது. அந்தத் தாளில் நான் எழுதியதில் அது ஒன்றுதான் சரியாக இருந்தது.